தாம்போதியில் அணைந்த வேன்

தம்பிமாரே, வயரை எப்படி உரிப்பது, எந்த இடத்தில் ஈயம் வைப்பது என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அது உங்கள் கைகளுக்கே தெரியும். தெரியாவிட்டால் போனில் படம் போட்டுக் காட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கல்முனையில் வாகன வயரிங் பாஸாக இருந்து, கண் மங்கியதால் கடையை மூடிவிட்டு வீட்டில் கிடக்கிறவன் நான். கிழவன் வாயைத் திறந்தால் மூட மாட்டான் என்று இதை வாசிக்கிற உங்களில் யாரோ முணுமுணுப்பதும் கேட்கிறது. கண்தான் மங்கிப்போயிற்று, காது நல்லாத்தான் இருக்கிறது.

பழைய வாகனங்களுக்கு அலாம் பெட்டி பூட்டும் வேலை இப்போது உங்களுக்கு நிறைய வருகிறதாம். புது வாகனத்துக்கு அது கொம்பனியிலேயே வந்துவிடும். பழையதற்கு நாம்தான் பூட்ட வேண்டும். எஞ்சினுக்குப் போகும் வயர் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதை வெட்டி, வெட்டிய இரண்டு முனைகளையும் பெட்டிக்குள் கொண்டுபோய் விடுகிறோம். சொந்தக்காரனின் சட்டைப்பையில் இருக்கும் சின்ன வில்லை பக்கத்தில் இருந்தால் பெட்டி அந்த முனைகளைச் சேர்த்து வைக்கும். வில்லை தூரப் போனால் பிரித்துவிடும். அவ்வளவுதான் வித்தை. பெட்டியைக் காசுள்ள எவனும் வாங்கலாம். வெட்டிய இடம் எது என்பதுதான் நம்முடைய இரகசியம். அதை எவனுக்கும் சொல்லக் கூடாது என்பது என் கடையின் சட்டம். நம்மை நம்பி ஒருவர் ஒப்படைத்த அமானிதம் அது.

அந்த இரகசியத்தை நான் ஒரு கள்ளனுக்குச் சொன்னேன். வாகனத்தைக் களவெடுத்துக்கொண்டு போனவனுக்கே, போனில், ஒரு சொல்லும் மறைக்காமல் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு ஒருமுறை நின்றுதான் ஓடுகிறது.

அந்த வேனின் சொந்தக்காரன் அன்வர். சாய்ந்தமருதைச் சேர்ந்தவன். காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவான், மீதி நேரம் கல்யாணம், ஆஸ்பத்திரி, யார் கூப்பிட்டாலும் போவான். வேன் அவனுடைய வயதை ஒத்தது என்று கேலி செய்வோம். டீசல் எஞ்சின் யானை போல உழைக்கும். ஆனால் ஸ்டாட்டர் சோம்பேறி. ஒருநாள் எழுப்பும், மறுநாள் ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு படுத்துவிடும். அதனால் அன்வர் காலையில் ஒருமுறை எஞ்சினை எழுப்பினால் பொழுதுபடும்வரை அணைப்பதில்லை. கடைக்குள் போனாலும் ஓடவிட்டுப் போவான், பள்ளிவாசலுக்குள் போனாலும் ஓடவிட்டுப் போவான். எங்கள் பக்கத்தில் இது புதினமும் இல்லை. பள்ளிவாசல் முன்னால் நிற்கிற வாகனத்தில் எவன் கை வைப்பான் என்பது எங்கள் எல்லோருடைய நம்பிக்கை.

அப்போது அடுத்தடுத்து இரண்டு மூன்று வாகனங்கள் களவு போயிருந்தன. அன்வர் பயந்துபோய் ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"ஸ்டாட் வயர மட்டுந்தான் வெட்டுவன்" என்றேன். "ஓடிக்கிட்டிரிக்கிற எஞ்சின நான் நிப்பாட்ட மாட்டன். கள்ளனும் உம்மா பெத்த புள்ளதான். வளைவுல எஞ்சின் நிண்டா ஆர்ர உசிர் போகும்?"

"ஸ்டாட்ட வெட்டி எனக்கென்ன பிரயோசனம் பாஸ்? நான்தான் எஞ்சின நூக்கிறதே இல்லையே. கள்ளன் வந்து ஏறி கியரப் போட்டா மட்டும் போதும்."

அவன் சொன்னதும் நியாயம்தான். எஞ்சினை அணைக்கிறவனுக்குத்தான் அதை எழும்பவிடாத பூட்டு. அணைக்காதவனுக்கு அது திறந்த வீட்டுக்குப் போட்ட பூட்டு. யோசித்து ஒரு வழி பண்ணினேன். வில்லை இல்லாமல் வேன் அசைந்தால் பெட்டி கொஞ்ச நேரம் ஓட விடும். அதன் பிறகு எந்த இடத்தில் கள்ளன் தானாகப் பிரேக்கை மிதித்து நிற்பாட்டுகிறானோ, அந்த இடத்தில் எஞ்சினை அணைத்து சைரனை அலற விடும். ஓட்டத்தில் நிற்காது, நின்ற இடத்தில்தான் அணையும். எவனுக்கும் காயம் வராது. இதை நான் பெருமையாகவே நினைத்திருந்தேன்.

பழைய டீசல் எஞ்சினுக்கு மின்சாரம் பெரிதாகத் தேவையில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பம்புக்குப் போகும் ஒற்றை வயரில் மின் இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். விசயம் தெரிந்த கள்ளன் பற்றரியிலிருந்து நேரே பம்புக்கு ஒரு வயரை இழுத்துவிடுவான். அதனால் பம்பின் அந்த முனைக்கு இரும்புத் தகட்டால் மூடி போட்டுத் திருகாணி இறுக்கினேன். வெட்டிய இடத்தை டேஷ்போட்டுக்குப் பின்னால் கை மட்டும் போகக்கூடிய ஒரு மூலையில் வைத்தேன். அங்கே போன வயர்கள் அத்தனையும் ஒரே கறுப்பு. மேலே கறுப்புத் துணி டேப். நானே மறந்துபோய்த் தேடினால் அரை நாள் வேண்டும். அப்படி மறைத்தேன்.

"வில்லைய சாவியோட கோக்காத" என்று மட்டும் சொன்னேன். அன்வர் அதைத் தொழுகைத் தொப்பியோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மாரி காலம். ஒரு பின்னேரம், அசர் தொழுகை நேரம், மழை ஊற்றிக்கொண்டிருந்தது. கரண்டும் போய்விட்டது. பக்கத்தில் போட்டோகொப்பிக் கடை வைத்திருந்த ரீட்டா, மெசின் ஓடாததால் என் கடை வாசலில் வந்து நின்று மழையைத் திட்டிக்கொண்டிருந்தாள். வேதக்காரப் பிள்ளை. வாய் பெரிது, மனம் அதைவிடப் பெரிது. அப்போது என் போன் அடித்தது. அன்வரின் பெயர் விழுந்தது.

எடுத்தவுடன் காதைக் கிழிக்கிற சத்தம். நான் பூட்டிய சைரன்தான். அதற்கு மேல் மழை. அதற்குள் இருந்து ஒரு ஆண் குரல், அன்வருடையது இல்லை.

"பாஸ், இந்த வேனுக்கு அலாம் பூட்டின பாஸ்தானே? கண்ணாடியில நம்பர் ஒட்டியிரிக்கி."

"ஓம். ஆரு நீ? அன்வர்ட போன் உன்னட்ட எப்பிடி?"

"வேனுக்குள்ள சார்ச்சுல கெடந்திச்சி. நான்தான் பாஸ் வேன எடுத்த. பள்ளிவாசலுக்கு முன்னால நிண்டத எடுத்தித்து வந்தன்."

எனக்குச் சிரிப்பு வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? பூட்டு திறக்கவில்லை என்று கள்ளன் பூட்டுக்காரனிடம் முறைப்பாடு செய்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். நல்ல கெட்ட வார்த்தை ஒன்று நாக்கு நுனிக்கு வந்தது.

"பின்னால ஒரு மனிசன் படுத்துக் கெடக்காரு பாஸ்" என்றான். "நான் காணல்ல. சீலையால மூடியிருந்திச்சி, ஏதோ மூட்டையெண்டு நெனச்சிட்டன். தாம்போதில தண்ணி பாயிது. அதக் கண்டுதான் பிரேக் போட்டன். நடுவில நூந்து போச்சி. இப்ப தண்ணி கதவால உள்ள வருது. அவருக்கு ஒழும்ப ஏலா பாஸ்."

பின்னால் கிடப்பது யார் என்று எனக்கு உடனே தெரிந்தது. அன்வரின் வாப்பா. சாய்ந்தமருதுக் கடற்கரையில் அந்தக் காலத்தில் மீன் ஏலம் கூறியவர். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனது. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு சொல்லைத் தவிர. ஏலத்தில் முடிவாகச் சொல்வார்களே, அந்த ‘மூண்டுதரம்’ மட்டும் நாக்கில் மிஞ்சியது. தண்ணீர் கேட்டாலும் மூண்டுதரம், கோபம் வந்தாலும் மூண்டுதரம், பேரப்பிள்ளையைக் கொஞ்சினாலும் மூண்டுதரம். கிழமைக்கொரு தடவை அன்வர் அவரைப் பின் ஆசனத்தில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வருவான். அன்றைக்கும் அப்படிப் போய் வருகிற வழியில்தான் அசர் தொழ நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆனால் இவன் சொல்வது உண்மையா? யோசியுங்கள். ஊரில் பாதிப் பேருக்கு அன்வரின் வாப்பாவைத் தெரியும். வேனை எடுத்தவன், அது நின்றுபோனதும் என்னிடமிருந்து வெட்டிய இடத்தைக் கறக்க ஒரு கதை கட்டலாம். மழைச் சத்தம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். தாம்போதி என்று சொன்னதற்கு எனக்கு என்ன சாட்சி? மேற்கே வயல் வட்டைகளுக்குப் போகும் ரோட்டில் ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகப் போட்ட அந்தப் பாதையில் மாரியில் வெள்ளம் பாய்வது குழந்தைக்கும் தெரியும்.

ரீட்டா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணன், ஆரு அது? என்ன நடந்த?" என்று கேட்டாள். நான் போனின் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னேன்.

"கள்ளன் சொல்றத நம்பி ஒண்டும் சொல்லிப் போடாதீங்க" என்றாள். சொல்லிக்கொண்டே தலைக்கவசத்தை எடுத்தாள். "எந்தப் பள்ளியெண்டு மட்டும் கேளுங்க. நான் போய் அவரக் கூட்டித்து வாறன். பொலிசுக்கும் சொல்றன்."

கேட்டேன். சொன்னான். அவள் ஸ்கூட்டியோடு மழைக்குள் மறைந்தாள். பள்ளிவாசல் பக்கத்தில்தான், ஆனால் அன்வரும் வில்லையும் அங்கே, வேன் தாம்போதியில். அவன் வில்லையோடு பறந்து போனாலும் தண்ணீர் அதுவரை காத்திருக்காது.

"மனிசனத் தூக்கிக் கரைக்குக் கொண்டு போ" என்றேன்.

"எறங்கிப் பாத்தன் பாஸ். தொடையளவு தண்ணி, இழுக்கிது. தனிய நிக்கவே ஏலாம இரிக்கி. அவரத் தூக்கினா ரெண்டு பேரும் போயிருவம்."

"போன அவர்ட வாயில வை."

கொஞ்ச நேரம் சைரன் மட்டும் அலறியது. பிறகு மிகப் பக்கத்தில் ஒரு மூச்சு. கடற்கரை முழுக்கக் கேட்ட அந்தக் குரலில் மிஞ்சியிருந்த கரகரப்பு.

"மூண்டுதரம்" என்றார். "மூண்டுதரம்... மூண்டுதரம்..."

எத்தனையோ தடவை அந்தச் சொல்லை அவர் வாயில் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு அது அழுகையாக இருந்தது. அதை எவனும் நடிக்க ஏலாது.

தம்பிமாரே, அமானிதத்தைக் காக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். ஆனால் பின் ஆசனத்தில் கிடந்ததும் அன்வருடைய அமானிதம்தான். இரண்டில் எது பெரியது என்று கேட்க எவ்வளவு நேரம் தேவை? எனக்குத் தேவைப்பட்டது ஒரு மூச்சு. இன்றைக்கும் யாராவது அந்த முடிவு பிழை என்று சொன்னால் அவனோடு சண்டைக்குப் போவேன்.

"கேளு. ஸ்டியரிங்குக்குக் கீழ கையப் போடு. இடப்பக்கம், மேல, இரும்புப் பட்டிக்குப் பின்னால. துணி டேப் சுத்தின ஒரு கட்டு இரிக்கி."

"இரிக்கி பாஸ். எடுத்தித்தன்."

"டேப்ப உரி. உள்ள நெறைய வயர். ரெண்டு தடிப்பான வயர் வேணும்."

"எல்லாம் கறுப்பா இரிக்கே பாஸ். தடிப்பானதே அஞ்சாறு இரிக்கி."

என் கெட்டித்தனம் என் தலையிலேயே இடியாக விழுந்தது. எவனும் கண்டுபிடிக்கக் கூடாது என்று நான் ஒரே நிறத்தில் போட்டவை. சரியான இரண்டைச் சேர்த்தால் எஞ்சினுக்கு உயிர் வரும். பிழையானதைச் சேர்த்தால் பியூஸ் எரிந்து எல்லாம் முடிந்துவிடும். மாற்றிப் போட அங்கே பியூஸ் எங்கே இருக்கப்போகிறது? எதைச் சொல்லி அடையாளம் காட்டுவது என்று தெரியாமல் நான் திக்குமுக்காடி நிற்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"பாஸ், டெஸ்ட் லாம்ப் இல்ல. கூரை பல்பக் கழட்டிப் பாக்கட்டா?"

உங்களுக்குப் புரிகிறதுதானே? வேனின் உள்கூரையில் எரிகிற சின்ன பல்பைக் கழற்றி, இரண்டு பக்கமும் துண்டு வயர் வைத்து, ஒன்றை இரும்பில் தொட்டு மற்றதை வயரில் தொட்டால், மின் உள்ள வயரில் பல்பு எரியும். சாவி போட்டுத் திருப்பத் தெரிந்தவன் எல்லாம் இதை அறிய மாட்டான். அது நம்முடைய தொழில்காரன் பேச்சு. வாகனம் திருடுகிறவன் எங்கிருந்தோ வருகிறவன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு அவன் என் மேசைக்கு எதிரே நின்று கதைப்பது போல இருந்தது.

அதைப் பற்றி நினைக்க அப்போது நேரமில்லை.

"ஓம், செய்" என்றேன். "சாவிய ஓன்ல வை. தடிப்பானதுல ஒண்டுக்குத்தான் பல்பு எரியும். எரியிறத்த கையில புடி. அதோட சேர்ந்து பெட்டிக்குள்ள போற மத்தத்தத் தேடு. ரெண்டையும் பெட்டியில இருந்து இழுத்து ஒண்டோட ஒண்டு முறுக்கு."

தண்ணீர்ச் சத்தம் போனுக்குள் கேட்டது. வேனின் தகட்டில் அது மோதும் சத்தம். கிழவரின் மூச்சு. "வாப்பா, கொஞ்சம் பொறுங்க. வாப்பா, இந்தா முடிஞ்சி" என்று அவன் அவரோடு கதைப்பது கேட்டது. கடையில் நான் தனியே நிற்கிறேன், என் காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, ஆனால் மூழ்குகிறவன் போல வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

"முறுக்கித்தன் பாஸ். பம்பு ‘டிக்’ எண்டிச்சி."

"ஸ்டாட் அடி."

‘டக்’ என்றது. அவ்வளவுதான். அந்தப் பாழாய்ப்போன ஸ்டாட்டர். மீண்டும் அடித்தான், மீண்டும் டக். நான் அன்வரைத் திட்டினேன், ஸ்டாட்டரைத் திட்டினேன், என்னையும் திட்டினேன்.

"முன் சீற்றத் தூக்கு. கீழ எஞ்சின் இரிக்கி. ஸ்டாட்டர்ர மேல ஸ்பனரால..."

சொல்லி முடிக்கும் முன்னே இரும்பில் இரும்பு மோதும் சத்தம் கேட்டது. நான் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. இரண்டு தட்டு, ஒரு இழுப்பு. எஞ்சின் இருமியது, உறுமியது, பிடித்துக்கொண்டது.

"எஞ்சின நூர உடாத" என்று கத்தினேன். "றிவர்ஸ் போடு. கிளச்சக் கொஞ்சங் கொஞ்சமா உடு. அக்சிலேட்டர்ல இருந்து கால எடுக்காத. சைலன்சருக்குள்ள தண்ணி ஏறினா முடிஞ்சி."

எஞ்சின் உரத்துக் கத்தியது. அதற்குப் பிறகு ஏதோ விழுந்த சத்தம். லைன் செத்துப்போனது.

திரும்ப அடித்தேன். லைன் கிடைக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்தேன். அப்போதுதான் ரீட்டாவின் ஸ்கூட்டியில் அன்வர் வந்து இறங்கினான். தலையில் தொப்பி, செருப்பில்லாத கால்.

"வாப்பா எங்க பாஸ்?"

ஓட்டோவைப் பிடித்தோம். போகிற வழியில் நடந்ததைச் சொன்னேன். அவன் சட்டைப்பையைப் பொத்தியபடி இருந்தான். உள்ளே வில்லை இருந்தது.

தாம்போதியில் வேன் இல்லை.

இந்தக் கரையிலும் இல்லை, எதிர்க்கரையிலும் இல்லை. ஓரத்தில் நட்ட அடையாளக் கட்டைகளின் தலை மட்டும் தெரிந்தது. மண்ணிறத் தண்ணீர் ஒரு வாழைமரத்தை வேரோடு உருட்டிக்கொண்டு குறுக்கே போனது. ஓட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுத் தலையில் கை வைத்தார். அன்வர் ரோட்டிலேயே குந்திவிட்டான். மழை அவன் மேல் ஊற்றியது.

"கள்ளனுக்குச் சாவியக் குடுத்திட்டீங்களே பாஸ்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வெள்ளம் கொண்டுபோயிருந்தால் ஒரு கேடு. கள்ளன் கொண்டுபோயிருந்தால், பேச்சில்லாத மனிதரை எந்த வயல் வரம்பில் இறக்கிப் போட்டானோ, அது இன்னொரு கேடு. இரண்டுக்கும் வழி திறந்துவிட்டவன் நான். என் வாழ்க்கையில் அவ்வளவு அதிர்ந்துபோய் நான் நின்றதில்லை. இறைவனிடம் துஆக் கேட்கவும் வாய் வரவில்லை.

அப்போது என் போன் அடித்தது. மீண்டும் அன்வரின் பெயர்.

"ஹலோ, இது பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவு" என்றது ஒரு பெண் குரல். "இந்தப் போன்ல கடைசியா எடுத்த நம்பர் உங்கடதான். ஒரு பெரியவர வேனோட கேற்றுக்குள்ள விட்டுட்டுப் போயிருக்காங்க. நனைஞ்சி குளிர்ல நடுங்கினாரு, இப்ப பரவாயில்ல. பேர் கேட்டா சொல்றாரில்ல. ஒண்டையே சொல்லிட்டு இரிக்காரு."

நான் போனை அன்வரின் காதில் வைத்தேன். அவன் கேட்டுவிட்டு, நனைந்த ரோட்டிலேயே நெற்றியை வைத்துச் சுஜூது செய்தான்.

ஆஸ்பத்திரியில் கிழவர் காய்ந்த போர்வைக்குள் கிடந்தார். அன்வரைக் கண்டதும் திட்டுகிற தொனியில் அவருடைய ஒரே சொல்லைச் சொன்னார். வேன் கேற்றுக்குள் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, வைப்பர் அடித்துக்கொண்டிருந்தது. கொண்டுவந்தவன் பெரியவரைக் கட்டிலில் ஏற்றும்வரை தூக்கிப் பிடித்தானாம். சாரமும் சட்டையும் நெஞ்சு வரை நனைந்திருந்ததாம். "வேன ஒதுக்கித்து வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை.

ஆக, தம்பிமாரே, உங்களுக்கு நான் சொல்ல வந்த பாடம் இதுதான் என்று ஒன்றைக் காட்டலாம். பெட்டி பூட்ட வருகிறவனிடம் வாகனம் யாருடையது என்று கேட்பதோடு நிற்காதீர்கள். அதற்குள் யார் யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். எழும்ப முடியாதவர் இருப்பாரா, பச்சைப் பிள்ளை தூங்குமா என்று கேளுங்கள். ஓடுகிற எஞ்சினை அணைக்கச் சொல்லி யார் வந்து கெஞ்சினாலும், அவன் எவ்வளவு நியாயம் சொன்னாலும், போய்விட்டு வா என்று சொல்லுங்கள். நின்ற இடத்தில் அணைந்தால் ஆபத்தில்லை என்று நான் நினைத்தது ரோட்டைப் பார்த்து. நம்முடைய ஊரில் பாதி ரோட்டை மாரியில் ஆறு எடுத்துக்கொள்ளும் என்பதை மறந்து நினைத்தது. அன்வருக்கு நான் அடுத்த நாள் ஒரு நல்ல ஸ்டாட்டர் போட்டுக் கொடுத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அதுதான். எஞ்சினை அணைக்கிற மனிதனாக அவனை ஆக்கியிருந்தால் பெட்டியே தேவைப்பட்டிருக்காது.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. எல்லோரும் ‘அல்ஹம்துலில்லாஹ்’ சொல்லி எழும்பிப் போகலாம். ஆனால் நான் இதை எழுதத் தொடங்கியது அதற்காக இல்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வளவில், அன்வர் வாப்பாவோடு உள்ளே இருந்தபோது, நான் வேனுக்குள் குனிந்து டோச் அடித்து அந்த இணைப்பைப் பார்த்தேன். வெள்ளத்தின் நடுவில் அவசரமாக முறுக்கியதுதானே, எங்காவது தொட்டு நெருப்புப் பிடித்துவிடக் கூடாது என்றுதான் பார்த்தேன். இணைப்பு அவசர இணைப்பாக இல்லை. அவன் அதைப் பிரிக்காமலே இன்னும் இறுக்கமாக முறுக்கி, ஒரு பக்கம் மடக்கி, உரித்த என் துணி டேப்பையே எடுத்துச் சுற்றியிருந்தான். வேனை ஒதுக்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்த பிறகுதான் செய்திருக்க வேண்டும். தப்பி ஓட வேண்டியவன் நின்று வேலையை முடித்திருக்கிறான். சுற்றி முடித்த டேப்பின் நுனியை ஒரு நகம் அளவுக்கு உள்நோக்கி மடித்து, மேலே தூக்கி விட்டிருந்தான்.

பிறகு அந்த இடத்தைத் திறக்கப் போகிறவன் நுனியைத் தேடி நகத்தால் சுரண்டக் கூடாது என்பதற்காகச் செய்வது அது. கல்முனையில் வேறு எந்தக் கராஜிலும் அதைச் செய்வதில்லை. அது என் மேசையில் உள்ள வழக்கம். நுனி மடிக்காமல் கொண்டுவந்தால் முழுவதையும் உரித்து மறுபடி சுற்றச் சொல்வேன். அதற்காக என்னிடம் வேலை பார்த்த ஒவ்வொருவனும் ஒருநாளாவது என்னிடம் ஏச்சு வாங்கியிருக்கிறான்.

அந்தச் சத்தத்திலும் மழையிலும் குரலை நான் அடையாளம் காணவில்லை. ஆனால் அந்தக் கையை அடையாளம் கண்டேன். என்னிடம் தொழில் செய்து போனவர்களின் முகம் ஒவ்வொன்றாக வந்தது. ஒருவன் கட்டாரிலிருந்து வரும்போதெல்லாம் பேரீச்சம்பழம் கொண்டுவருவான். ஒருவனுடைய நிக்காஹ்வில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். ஒருவன், நான் செத்தால் ஜனாஸாவைத் தூக்க முதல் ஆளாக நிற்பதாகப் பகிடி விடுவான். இவனாக இருக்காது என்று ஒவ்வொருவனையும் ஒதுக்கினேன். எல்லோரையும் ஒதுக்கி முடித்த பிறகும் மடித்த நுனி அப்படியே இருந்தது.

அன்வர் வந்து பின்னால் நின்றான். "என்ன பாஸ், ஏதும் பழுதா?"

"இல்ல" என்றேன். "நல்லாக் கட்டியிரிக்கான்."

பொலிஸ் வந்து கேட்டபோது குரல் தெரியாது என்றேன். அது பொய் இல்லை. நுனியைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. வீட்டில் என் மனைவிக்குக் கூட இன்றுவரை சொன்னதில்லை. அதன் பிறகு பழைய பிள்ளைகள் யார் போன் எடுத்து "பாஸ்" என்று கூப்பிட்டாலும், அவன் அடுத்த சொல் சொல்லும்வரை தாம்போதியில் கேட்ட குரல் இதுதானா என்று என் காது தேடும். நான் அன்பாக வளர்த்த பிள்ளைகளின் குரலை அப்படிக் கேட்க வைத்துவிட்டாய் நீ.

ஓம், உன்னிடம்தான் கதைக்கிறேன். இதை வாசிப்பவர்களில் நீயும் இருக்கிறாய் என்று எனக்கு நம்பிக்கை. உனக்கு என்ன பணமுடை வந்தது என்று எனக்குத் தெரியாது. என்னிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பெரியவரை விட்டுவிட்டு நீந்திப் போயிருக்கலாம், போகவில்லை. இரண்டும் நீதான். உன்னைப் பொலிஸில் சொல்லவில்லை என்பதற்காக நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அது என்னுடைய மன்னிப்பு இல்லை. தாம்போதியில் மழையோடு குந்தியிருந்தானே ஒரு மகன், மன்னிப்பு அவனிடம் இருக்கிறது. அவனுடைய வீடு உனக்குத் தெரியும். போ.